நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கறேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?

இந்த எபிசோட்ல மூளை ஆரோக்கியம் பத்திப் பேசப் போறோம். வயசு ஏறும்போது மூளையைக் காப்பாத்தறதுல உடற்பயிற்சிக்கு என்ன பங்கு, ஓசூர், கிருஷ்ணகிரி மாதிரி ஷிப்ட் வேலை பார்க்கிற ஊர்க்காரங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு பார்ப்போம். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, சாப்ட்வேர் இன்ஜினியர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிச்சு எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். மருந்து, சிகிச்சை பத்தின முடிவெல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான்.

ஏன் இந்தத் தலைப்பு இப்போ? ஓசூர்ல சிப்காட் வந்தது 1970-களில். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு பெரிய தொழிற்சாலைகள் வந்ததும், சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்தும் தர்மபுரி, சேலம் பக்கம் இருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்தாங்க. 1985-ல 20 வயசுல சேர்ந்தவருக்கு 2025-ல 60 வயசு. அதாவது, ஓசூரைத் தொழில் நகரமா ஆக்கின முதல் தலைமுறை இப்போதான் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்துட்டிருக்கு. அவங்ககிட்ட "தினமும் கொஞ்சம் வாக்கிங் போங்க"ன்னு சொல்லிப் பாருங்க. "முப்பது வருஷம் லைன்ல நின்னவன்யா நான், எனக்கு எதுக்கு வாக்கிங்?"னு கேட்பாங்க. அவங்க வீட்டம்மாகிட்ட கேட்டா, "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"ம்பாங்க.

நியாயமான கேள்விதான். இந்த எபிசோட் முழுக்க அதுக்குத்தான் பதில் தேடப் போறோம்.

பிரச்சினை எவ்வளவு பெரிசு?

2023-ல வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கிறது. எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தில் 5.3 சதவீதம், கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9 சதவீதம்.

இந்தக் கணக்கு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. வயல் வேலை, தண்ணி தூக்கறது, ஆடு மாடுன்னு கிராமத்துலதான் உடம்பு உழைப்பு ஜாஸ்தி. அப்படியிருந்தும் அங்கதான் நோய் அதிகம். படிப்பு, வருமானம், மருத்துவ வசதின்னு இதுக்கு நிறைய காரணம் இருக்கலாம். ஆனா "உழைச்ச உடம்பு, ஒண்ணும் வராது"ங்கற நம்பிக்கையை மட்டும் இந்தக் கணக்கு காப்பாத்தாது.

இதை நம்ம பக்கத்துலயே ஆராய்ச்சி பண்றாங்க. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினா கோலார் மாவட்டம். அங்க ஸ்ரீனிவாசபுரம் தாலுக்கா, நம்ம கிருஷ்ணகிரி மாதிரியே மாம்பழத்துக்குப் பேர்போன இடம். பெங்களூர் ஐஐஎஸ்சி வளாகத்தில் இருக்கிற மூளை ஆராய்ச்சி மையம், அந்தக் கிராமங்களில் 45 வயது தாண்டிய 10,000 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை 2018-ல் தொடங்கியது. ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, ஞாபக சக்தித் தேர்வு எல்லாம் அதுல உண்டு. 60-க்குப் பதிலா 45-ல ஆரம்பிச்சதைக் கவனிங்க. மறதி வெளியில தெரியறதுக்குப் பத்து, பதினஞ்சு வருஷம் முன்னாடியே மூளைக்குள்ள மாற்றம் தொடங்கிடுது.

உடம்பு அசைஞ்சா மூளைக்கு என்ன ஆகுது?

நம்ம உடம்பு எடையில மூளை வெறும் 2 சதவீதம்தான். ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்குது. அந்தச் சப்ளை முழுக்க ரத்தக் குழாய் வழியா வருது. முடி மாதிரி மெல்லிசான குழாய்கள். பிபியும் சுகரும் கட்டுப்பாட்டுல இல்லைன்னா, இந்தச் சின்னக் குழாய்கள்தான் முதல்ல அடி வாங்கும். இதயத்துல அடைப்பு வந்தா நெஞ்சு வலிக்கும். மூளையில சின்னக் குழாய் ஒண்ணு அடைச்சா வலியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா வேகம் குறையும், அவ்வளவுதான்.

உடற்பயிற்சி இங்க மூணு வேலை செய்யுது. ஒண்ணு, பிபியையும் சுகரையும் இறக்கி, குழாய்களோட மீள்தன்மையைக் காப்பாத்துது. ரெண்டு, பிடிஎன்எஃப்னு ஒரு புரதம் சுரக்கறதைக் கூட்டுது. நரம்பு செல்கள் உயிரோட இருக்கவும், ஒண்ணோட ஒண்ணு புது இணைப்பு போட்டுக்கவும் அது உதவுது. மூணு, தூக்கத்தையும் மனநிலையையும் சீராக்குது. தூக்கம் கெட்டாலும், மனச்சோர்வு நீடிச்சாலும் ஞாபக சக்தி பாதிக்கும்.

இதுக்கு ஆதாரம் என்ன? 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனை ரொம்பப் பிரபலம். 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தது. இன்னொரு குழு கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து, நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ், அதாவது ஞாபகங்களைப் பதிவு செய்யும் பகுதி, சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. வயசானா சுருங்கிட்டே போற பகுதி அது. ஒன்னு ரெண்டு வருஷச் சுருக்கத்தைத் திருப்பிக் கொண்டு வந்த மாதிரி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். 2015-ல் வந்த இன்னொரு பெரிய பரிசோதனையில், 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். உடற்பயிற்சி செய்த குழுவுக்கும் ஆரோக்கிய வகுப்பு மட்டும் கேட்ட குழுவுக்கும் சிந்தனைத் திறனில் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதே வருடம் பின்லாந்தில் இருந்து வந்த முடிவு வேறு மாதிரி. அங்கே 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரில் ஒரு பாதிக்கு உடற்பயிற்சி, சாப்பாட்டு மாற்றம், மூளைக்கான பயிற்சி, பிபி, சுகர் கண்காணிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குழு சிந்தனைத் தேர்வுகளில் முன்னேறியது.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரியறது இதுதான்: 75 வயசுல தனியா வாக்கிங்கை மட்டும் ஆரம்பிச்சு அற்புதம் எதிர்பார்க்க முடியாது. கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சு, பிபி, சுகர், சாப்பாட்டோட சேர்த்துச் செஞ்சா பலன் தெரியுது.

அப்போ வேலையில நடக்கறது கணக்குல வராதா?

இப்போ நம்ம முக்கியக் கேள்விக்கு வருவோம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1970-களின் தொடக்கத்தில் 14 நிறுவனங்களில் வேலை பார்த்த நடுவயது ஆண்களை ஒரு ஆய்வில் சேர்த்தார்கள். பிற்பாடு அவர்களில் 4,721 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்ததில், கடினமான உடல் உழைப்பு வேலை செய்தவர்களுக்கு டிமென்ஷியா அபாயம், உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட 55 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. பொருளாதார நிலை, மன அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த முடிவுதான். 2020-ல் இது வெளியானது.

உழைப்பு மூளையைக் கெடுக்குதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. உழைக்கிறவருக்குக் கிடைக்காத ஓய்வு, இரைச்சல், நைட் ஷிப்ட் தூக்கம் எல்லாம் இதுல கலந்திருக்கலாம். ஆனா வேலையில அசையறதும் பயிற்சியில அசையறதும் உடம்புக்கு ஒண்ணு இல்லைங்கறதுக்குக் காரணம் சொல்ல முடியும்.

பயிற்சியில இதயத்துடிப்பு அரை மணி நேரம் நல்லா ஏறுது, அப்புறம் இறங்கி ஓய்வெடுக்குது. அந்த ஏற்ற இறக்கத்துலதான் இதயமும் குழாய்களும் பலமாகுது. லைன்ல நிக்கறவருக்கு அப்படி இல்ல. துடிப்பு பயிற்சி அளவுக்கு ஏறவும் செய்யாது, எட்டு மணி நேரம் முழுசா இறங்கவும் செய்யாது. ஒரே இடத்துல நிக்கறதால ரத்தம் கால்ல தேங்கும். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிப்போம், பிபி எகிறும். அதே தோள், அதே மணிக்கட்டு தேயும், மத்த தசைகளுக்கு வேலையே இருக்காது. வீட்டு வேலையும் ஏறக்குறைய இதே கதைதான். குனிஞ்சு நிமிர்ந்து இடுப்பு வலிக்கும், ஆனா மூச்சு வாங்காது.

தொழிற்சாலை பாஷையில சொன்னா, மெஷின் மூணு ஷிப்ட் ஓடுதுங்கறதுக்காக அதுக்கு மெயின்டனன்ஸ் ஆயிடுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம். அதிகம் ஓடற மெஷினுக்குத்தான் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் ரொம்பத் தேவை.

என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்க சந்தோஷப்பட வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ல உட்கார்ந்து போய், அங்க உட்கார்ந்து, திரும்ப உட்கார்ந்துட்டே வர்றோம். நமக்கும் மெயின்டனன்ஸ் பாக்கிதான்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள் உடல் சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும்.

மிதமானதுன்னா எப்படித் தெரியும்? நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் அஞ்சு நாள். அரை மணியா முடியலைன்னா பத்து பத்து நிமிஷமா மூணு தடவை. ஓசூர்ல ராமநாயக்கன் ஏரிக்கரை இருக்கு, சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் ஏற்றம் இருக்கு. முட்டி வலி இருக்கறவங்க மலையை விட்டுட்டு சமதரையிலயே நடங்க. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அமைச்சிருக்காங்க. முழு எட்டும் நடக்கணும்னு கட்டாயம் இல்ல.

தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில இருந்து கையை ஊணாம எழுந்து உட்காருங்க, பத்துத் தடவை. சுவர்ல கை வெச்சுத் தள்ளுங்க. சமநிலைக்கு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல பத்து விநாடி நில்லுங்க. கீழே விழுந்து தலையில அடிபடாம இருக்கறதும் மூளைப் பாதுகாப்புதான்.

ஷிப்ட் மாறுறவங்களுக்கு ஒரு வார்த்தை. நைட் ஷிப்ட் முடிச்சு வந்ததும் தூக்கத்தைத் தியாகம் பண்ணி வாக்கிங் போகாதீங்க. தூங்கி எழுந்து, அடுத்த ஷிப்டுக்கு முன்னாடி நடங்க. நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஏற்கனவே இதய நோய் இருக்கறவங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

மாத்திரையையும் மறக்காதீங்க. பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. "நடக்கறேனே, மாத்திரை எதுக்கு?"ன்னு நிறுத்திடாதீங்க. ரெண்டும் ஒரே ரத்தக் குழாயைத்தான் காப்பாத்துது.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

சாவியை எங்க வெச்சோம்னு மறக்கறது எல்லாருக்கும் நடக்கும். தினம் போற வழி தெரியாம நிக்கறது, அஞ்சு நிமிஷத்துல அதே கேள்வியைத் திரும்பக் கேட்கறது, பணக்கணக்கு குழம்பறது, சமைக்கற முறையே மறந்து போறது, இதெல்லாம் வேற. "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேட்காததுன்னு சரிபண்ணக் கூடிய காரணமாவும் இருக்கலாம். முதல்ல அரசு மருத்துவமனையிலயே காட்டலாம். அதுக்கு மேல தேவைப்பட்டா நிம்ஹான்ஸ் இருக்கு. பெங்களூர்ல அது இருக்கற ரோட்டோட பேரே ஓசூர் ரோடுதான்.

உலக அளவில், 2024-ல் லான்செட் ஆணையம் 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணக்கு. உடற்பயிற்சி இல்லாதது அதுல ஒண்ணு. பிபி, சுகர், உடல் பருமன், மனச்சோர்வு, கொலஸ்ட்ரால் எல்லாமும் அதே பட்டியல்ல இருக்கு. தினமும் நடக்கறது இது எல்லாத்து மேலயும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்யும்.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை. ரிட்டயர் ஆன அப்பாவோ, "வீட்டு வேலையே போதும்"கற அம்மாவோ வீட்ல இருந்தா, "வாக்கிங் போங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா "வாங்க, போலாம்"னு கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கும் அதே அரை மணி நேரம் கணக்குல சேரும்.

அடுத்த எபிசோட்ல நைட் ஷிப்டும் தூக்கமும் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க.