நாய்க்கு மயிர் கொட்டினால் சந்தையடியில் விடவேண்டியதில்லை

காலையில் விறாந்தையைக் கூட்டினால் தும்புத்தடியில் மயிர் பந்து பந்தாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கதிரைத் துணியில் மயிர். அம்மாவின் சேலைக் கரையில் மயிர். ஒருநாள் சொதிக்குள்ளும் ஒன்று கிடந்தது. எங்கள் பிரவுணிக்கு அப்போது மூன்று வயது. ஊர் நாய்தான், ஆனால் தகப்பன் வழியில் எங்கோ சடைநாய்க் கலப்பு இருந்திருக்க வேண்டும். கழுத்திலும் வாலிலும் அடர்த்தியாக இருந்த மயிர் இரண்டு கிழமைக்குள் பாதியாகிவிட்டது.

அம்மாவுக்குத் தொய்வு வருத்தம் இருக்கிறது. மழைக்காலத்தில் இழுப்புக் கூடும். அந்த ஆண்டு மழை தொடங்க முன்னரே கூடிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நாயைத்தான் பார்த்தார்கள். ஒருவர் வாகனத்தில் மாற்றிய கழிவு ஒயிலைப் பூசச் சொன்னார். இன்னொருவர், "அக்கா, உதைக் கொண்டுபோய்ச் சந்தையடியில விட்டிட்டு வாங்கோ. இறைச்சிக் கடைக்காரர் ஏதும் போடுவினம்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அம்மா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்த கவலையில் சொன்னார். நானும் உள்ளுக்குள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. "ஒருக்கா விட்டிட்டு வந்தது காணும்" என்றார்.

2008 கடைசியில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஜிம்மியை அவிழ்த்துவிட்டுத்தான் வந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களுக்கே இடம் போதவில்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அது கொஞ்சத் தூரம் பின்னால் ஓடிவந்தது. பிறகு சனத்துக்குள் காணவில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, நாயும் இல்லை. அப்பாவையும் இழந்து வந்த எங்களுக்கு நாயைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. இதை வாசிக்கிற பலருக்கும் அப்படி ஒரு நாயோ மாடோ இருந்திருக்கும். நான் வேலைக்குப் போனபின் அம்மாவுக்குப் பகல் முழுவதும் துணை பிரவுணிதான்.

அதனால் ஒரு முடிவு எடுக்க முன்னர் விசயத்தை அறிவோம் என்று, நாயை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு வீட்டில் செய்து பார்த்துப் படித்ததையும் எழுதுகிறேன்.

மயிர் ஏன் கொட்டுகிறது?

டொக்டர் கேட்ட முதற் கேள்வி, "குட்டி போட்டு எவ்வளவு நாள்?" என்பது. இரண்டு மாதம் என்றேன். ஐந்து குட்டிகள். அவர் மயிரைப் பிரித்துத் தோலைப் பார்த்தார். காது, முழங்கை, வாலடி எல்லாம் பார்த்தார். "தோல் சுத்தமாய் இருக்கு. இது வருத்தமில்லை" என்றார்.

எங்கள் தலைமயிர் பல ஆண்டுகள் தொடர்ந்து வளரும். பெரும்பாலான நாய்களின் மயிர் அப்படியல்ல. ஒரு குறித்த நீளத்துக்கு வளர்ந்து, நின்று, சில மாதம் தோலில் தங்கியிருந்து, கீழேயிருந்து புதுமயிர் தள்ளும்போது விழுந்துவிடும். வெளியே முரட்டு மயிரும் உள்ளே பஞ்சு போன்ற மென்மயிரும் என இரண்டு அடுக்கு உள்ள நாய்களில் இது அதிகம். பொமேரனியன், லப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேர்ட் எல்லாம் இந்த வகை. அவற்றின் கலப்பில் பிறந்த எங்கள் ஊர் நாய்களுக்கும் இது வரும்.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவினர் வீட்டு நாய்கள் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மொத்தமாகக் கொட்டும். பகல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்தே நாயின் உடல் மயிரை மாற்றுகிறது. எங்கள் வடக்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய வித்தியாசம்தான். அதனால் இங்கே பல நாய்களுக்கு ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பெட்டை நாய்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. குட்டி போட்டு ஒன்றிரண்டு மாதத்தில், ஓமோன் மாற்றத்தாலும் பால் கொடுத்த இளைப்பாலும் மயிர் ஒரேயடியாகக் கொட்டும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் நல்ல சாப்பாடு கிடைத்தால் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். பிரவுணிக்கு நடந்தது இதுதான்.

வருத்தம் என்று எப்படி அறிவது?

வெளிச்சத்தில் நாயை நிறுத்தி, மயிரைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். உடம்பு முழுக்க ஒரே மாதிரிக் குறைந்திருந்து, தோல் சுத்தமாக இருந்து, நாய் சொறியாமல் நன்றாகச் சாப்பிட்டால் அது பெரும்பாலும் இயல்பான உதிர்வு. கீழ்க்கண்டவை இருந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

காது ஓரத்திலும் முழங்கையிலும் மயிர் போய், பொருக்கு விட்டு, நாய் இரவு முழுக்கச் சொறிந்தால் அது சொறிச் சிற்றுண்ணியாக இருக்கலாம். இது மற்ற நாய்களுக்குத் தொற்றும். வீட்டாருக்கும் கடி வரும். அப்படி வந்தால் நீங்களும் வைத்தியரிடம் போகவேண்டும்.

குட்டி நாய்களுக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் மட்டும் மயிர் போவது வேறொரு வகைச் சிற்றுண்ணியால் வரலாம். அது மனிதருக்குத் தொற்றாது.

வட்டம் வட்டமாகப் போனால் பங்கசு, அதாவது படர்தாமரை போன்றது. இது பிள்ளைகளுக்குத் தொற்றும்.

வாலடியிலும் இடுப்பிலும் போனால் தெள்ளுக் கடியைச் சந்தேகிக்கலாம். சில நாய்களுக்குச் சில தெள்ளுகள் கடித்தாலே ஒவ்வாமை வந்துவிடும்.

இரண்டு விலாவிலும் ஒரே அளவாக மயிர் போய், சொறிச்சலும் இல்லாமல், நாய் சோர்ந்தோ அதிகம் தண்ணீர் குடித்தோ இருந்தால் அது ஓமோன் கோளாறாக இருக்கலாம்.

வைத்தியர் தோலை மெல்லச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சிற்றுண்ணியா பங்கசா என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். இவற்றில் பெரும்பாலானவை மாறக்கூடியவை. தெருவில் மயிர் இல்லாமல் திரிகிற நாய்களில் பல, இந்த ஒரு பரிசோதனை கிடைக்காதவைதான்.

செய்யக்கூடாதவை

கழிவு ஒயில் பூசவேண்டாம். அதில் பெற்றோலியக் கழிவும் உலோகத் துகள்களும் உண்டு. தோல் எரியும். நாய் நக்கும்போது அது வயிற்றுக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். நிலம் கழுவுகிற கிருமிநாசினியை நாயில் ஊற்றுவதும் ஆபத்து. வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பதை நானும் செய்திருக்கிறேன். ஆனால் சொறிக்கு அதை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள். மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவிக்கவும் வேண்டாம்.

வெயில் என்று மயிரை ஒட்ட வழிக்கவும் கூடாது. அந்த மயிர்தான் தோலுக்கு நிழல். இரண்டு அடுக்கு மயிர் உள்ள நாய்க்கு வழித்தபின் அது ஒழுங்காக முளைக்காமலும் போகலாம்.

வீட்டில் நாங்கள் செய்தது

முதலாவது சீப்பு. கொட்டப்போகிற மயிர் எப்படியும் கொட்டும். அது வீட்டுக்குள் கொட்டுவதா, முற்றத்தில் எங்கள் கையில் வருவதா என்பதுதான் கேள்வி. கம்பிப்பல் வைத்த நாய்ச் சீப்பு ஒன்று வாங்கினேன். கொட்டிய காலத்தில் ஒவ்வொரு நாளும், இப்போது கிழமைக்கு மூன்று நாள், பத்து நிமிடம் மாமரத்தின் கீழ் வைத்துச் சீவுகிறேன். மயிர் வளரும் திசையில், தோலில் கீறாமல் சீவவேண்டும். கட்டை மயிர் நாய்க்கு நனைத்த இறப்பர் கையுறையால் தடவினாலே போதும், உதிர்ந்தது ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது குளிப்பு. நாங்கள் கிழமைக்கு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். அது பிழை. நாயின் தோல் எங்கள் தோலைப் போல அமிலத்தன்மை கொண்டதல்ல. எங்கள் சவர்க்காரம் அதன் தோலை வறட்டி, செதில் விழுத்தும். இப்போது மாதம் ஒருமுறை, நாய்க்கான ஷம்பு. குளிக்க வார்க்க முன்னர் சீவிவிடவேண்டும், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போல உவர்த் தண்ணீர் என்றால் ஷம்பு போகும்வரை நன்றாக அலசி, துவாயால் துடைக்கவேண்டும்.

மூன்றாவது சாப்பாடு. மயிர் என்பது பெரும்பாலும் புரதம். சோறும் குழம்பும் மட்டும் தின்று ஐந்து குட்டிக்குப் பால் கொடுத்த நாயிடம் மயிருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? சூடை மீனை உப்பு, தூள் போடாமல் அவித்து, முள்ளை எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம். கிழமைக்கு இரண்டு மூன்று அவித்த முட்டை. மீனில் உள்ள கொழுப்பு தோலுக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயம், உள்ளி நாய்க்கு நஞ்சு, குழம்புச் சோற்றில் அதுவும் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டின் பலன் மயிரில் தெரிய ஆறு, எட்டு கிழமை பிடிக்கும். இடையில் மனம் தளரவேண்டாம்.

நான்காவது உண்ணி. காதுக்குள்ளும் கால்விரல் இடையிலும் பார்த்து, சாவணத்தால் தோலோடு பிடித்து நேராக இழுத்தெடுக்கவேண்டும். விரலால் நசுக்கக்கூடாது. உண்ணி மயிரை மட்டுமல்ல, இரத்தத்தையும் கெடுக்கும் காய்ச்சலைக் கொண்டுவரும்.

அம்மாவின் நெஞ்சு

இதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அம்மாவின் கிளினிக்கில் வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னேன். ஒவ்வாமையைத் தருவது மயிர் அல்ல, நாயின் தோற்செதிலிலும் எச்சிலிலும் உள்ள புரதம் என்றார். மயிர் அதைச் சுமந்து திரிகிறது. உலர்ந்த தும்புத்தடியால் கூட்டும்போது அது தூசியோடு எழும்பி நேரே மூச்சுக்குள் போகிறது. கூட்டிக்கொண்டிருந்தது அம்மாதான்.

அதனால் வேலைகளை மாற்றினோம். நாய்க்குப் படுக்கை விறாந்தையில், அம்மாவின் அறைக்குள் வரக்கூடாது. நிலத்தை ஈரத்துணியால் துடைத்தெடுப்பேன். சீவுவதும் நான்தான், மூக்கை மூடிக்கொண்டு. நாயின் சாக்கையும் அம்மாவின் படுக்கை விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை தோய்த்து வெயிலில் போடுவோம். அம்மா விட்டுவிட்டு எடுத்த பம்மை ஒழுங்காக எடுக்கத் தொடங்கினார். இவ்வளவும் செய்தும் இழுப்புக் குறையாவிட்டால் நாயை நல்ல வீடொன்றில் கொடுக்கவேண்டி வரும் என்றும் வைத்தியர் சொன்னார். அதை நான் அம்மாவிடம் மறைக்கவில்லை. தொய்வு கடுமையாக உள்ளவர்கள் இதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

சாப்பாட்டில் ஒரு மயிர் விழுந்து வயிற்றுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து என்று நம்புகிறவர்கள் உண்டு. மயிரால் அப்படி ஒன்றும் வராது. கவனிக்கவேண்டியது நாயின் கழிவில் இருக்கும் பூச்சி முட்டைகளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுத்து, நாயைத் தொட்டபின் கை கழுவினால் போதும். விசர்நோயும் மயிரால் வராது, எச்சிலால் வரும். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது கட்டாயம்.

மூன்று மாதத்தில் பிரவுணியின் கழுத்து மயிர் திரும்ப வந்தது. குட்டிகள் பால் மறந்தபின் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்தோம். அம்மாவுக்கு அந்த மாரியில் இழுப்பு வந்தது, ஆனால் வழமையை விடக் குறைவு. மயிர் முற்றாக நிற்கவில்லை, நிற்கவும் மாட்டாது. கதிரைத் துணியில் இன்றைக்கும் நாலைந்து கிடக்கும்.

உங்கள் வீட்டு நாய்க்கும் மயிர் கொட்டினால், அதைச் சந்தையடிக்குக் கொண்டுபோக முன்னர் மயிரைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். பிறகு ஒரு சீப்பு வாங்குங்கள். மாமரத்தின் கீழ் நான் சீவும்போது அம்மா விறாந்தையில், காற்று வராத பக்கமாக இருந்துகொண்டு, "அந்தக் காதடியை விட்டிட்டாய்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.