இதயத்தில் கூடுதல் துடிப்பு: எப்போது கவலை, எப்போது சிகிச்சை?

பூன் லே எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள ஜூரோங் சென்ட்ரல் பூங்காவிலும் ஜூரோங் வெஸ்ட் விளையாட்டரங்கத்தின் ஓடுதடத்திலும் மாலை நேரத்தில் நடப்போரையும் ஓடுவோரையும் காணலாம். இளையர்கள் தேசிய சேவையின் உடலுறுதித் தேர்வுக்குப் பயிற்சி செய்கிறார்கள். நடுத்தர வயதினர் நீரிழிவையும் எடையையும் கட்டுக்குள் வைக்க நடக்கிறார்கள்.

அவர்களில் எவருக்கும் ஏதாவது ஒரு நாள் இந்த அனுபவம் ஏற்படலாம். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போனது போலிருக்கும். அடுத்த துடிப்பு ‘தொம்’மென்று ஓங்கி அடிக்கும். சில நொடிகளில் அது அடங்கிவிடும். மனத்தில் எழுந்த பயம் அவ்வளவு விரைவாக அடங்குவதில்லை.

சிலர் அன்றோடு உடற்பயிற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், “வாயுத் தொல்லைதான்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழியல்ல. பெரும்பாலோருக்கு இந்தத் துடிப்பு தீங்கற்றது. ஆனால், தீங்கற்றதுதானா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

நெஞ்சில் நடப்பது என்ன?

இதயத்தின் வலது மேலறையில் உள்ள ‘சைனஸ்’ கணுவிலிருந்து கிளம்பும் மின்சமிக்ஞையே ஒவ்வொரு துடிப்புக்கும் காரணம். ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய 100,000 முறை துடிக்கிறது.

சில நேரங்களில் இதயத்தின் கீழறைத் தசையில் உள்ள ஏதோ ஓர் இடம், முறை வருவதற்கு முன்பே தானாக ஒரு சமிக்ஞையை எழுப்பிவிடுகிறது. அதுவே கூடுதல் துடிப்பு. இதயம் இரத்தத்தால் நிறைவதற்கு முன்பே வருவதால் அது வலுவற்றது. கையில் நாடி பிடித்தால்கூடத் தெரியாமல் போகலாம். அதன் பின்னர் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிறைவதால், அடுத்து வரும் இயல்பான துடிப்பு ஓங்கி அடிக்கிறது. நாம் உணரும் ‘தொம்’ அந்த இயல்பான துடிப்புதான்.

தூக்கமின்மை, மன உளைச்சல், மது, காய்ச்சல், தைராய்டு கோளாறு, இரத்தசோகை, உடலில் பொட்டாசியம் அல்லது மெக்னீசியம் குறைவது ஆகியவை இதைத் தூண்டலாம். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்வோருக்குப் பொட்டாசியம் குறைய வாய்ப்பு உண்டு.

காப்பிக்கும் இதில் பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் 100 பேரிடம் நடத்தப்பட்டு 2023ல் வெளியான ஆய்வில், காப்பி குடித்த நாள்களில் கீழறைக் கூடுதல் துடிப்பு சராசரியாக 154 ஆகவும், குடிக்காத நாள்களில் 102 ஆகவும் இருந்தது. ஒரு லட்சத்தில் இது மிகச் சிறிய எண்ணிக்கையே. ஆயினும் நெஞ்சுப் படபடப்பு தொல்லை தருமானால், சில வாரங்களுக்குக் காப்பியைக் குறைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

துடிப்பைவிட இதயமே முக்கியம்

கூடுதல் துடிப்பு எந்த இதயத்தில் வருகிறது என்பதே மருத்துவர்கள் முதலில் தேடும் விடை.

இதயநோய் இல்லாத, ஆனால் அடிக்கடி கூடுதல் துடிப்பு கொண்ட 73 பேரை அமெரிக்க மருத்துவர்கள் சராசரியாக 6.5 ஆண்டுகள் கண்காணித்தனர். அவர்களுக்கு மணிக்குச் சராசரியாக 566 கூடுதல் துடிப்புகள் இருந்தன. இருந்தும் பொதுமக்களைவிட அவர்களுக்கு உயிரிழப்பு அபாயம் கூடவில்லை என்பது 1985ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.

மாரடைப்பால் சேதமடைந்த இதயத்தில் கதை வேறு. அங்கே கூடுதல் துடிப்பு ஆபத்தின் அறிகுறி. அப்படியானால் மருந்தால் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைக்குமா? ‘காஸ்ட்’ எனப்படும் பெரிய ஆய்வு இதைச் சோதித்தது. 1991ல் வெளியான முடிவு மருத்துவ உலகையே திடுக்கிட வைத்தது. துடிப்பை அடக்கும் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டனர். வெறும் போலி மாத்திரை பெற்ற 743 பேரில் மாண்டவர்கள் 26 பேர் மட்டுமே. மருந்து துடிப்பை அடக்கியது, உயிரைக் காக்கவில்லை.

கூடுதல் துடிப்பு இருக்கிறது என்பதற்காகவே அதை அடக்க முற்படக்கூடாது என்பது அன்று கற்ற பாடம். இன்றைய சிகிச்சை முறைகளும் அந்தப் பாடத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

எண்ணிக்கை சொல்வது என்ன?

இசிஜி சில நொடிகளை மட்டுமே பதிவுசெய்கிறது. அதனால், நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குச் செல்லும் ‘ஹோல்டர்’ கருவி மூலம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்புகள் எண்ணப்படுகின்றன. அதோடு, இதயத்தின் அமைப்பையும் இரத்தத்தை வெளியேற்றும் திறனையும் காண ‘எக்கோ’ ஸ்கேனும், ஓடுபொறியில் நடக்கவைக்கும் சோதனையும் செய்யப்படும்.

மொத்தத் துடிப்பில் கூடுதல் துடிப்பு எத்தனை விழுக்காடு என்பது முக்கியம். ஒரு விழுக்காடு என்றால் நாளுக்குச் சுமார் ஆயிரம். அது 10 விழுக்காட்டைத் தாண்டினால், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது சிலருக்கு இதயத் தசை பலவீனமடையலாம். 20 விழுக்காட்டுக்கு மேல் அந்த வாய்ப்பு மேலும் கூடும். நல்ல செய்தி என்னவென்றால், கூடுதல் துடிப்பால் மட்டுமே பலவீனமடைந்த இதயம், அதை நிறுத்திய பின்னர் பெரும்பாலும் மீண்டு வருகிறது.

‘அப்லேஷன்’ சிகிச்சை

கூடுதல் துடிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்துச் சூட்டின் மூலம் செயலிழக்கச் செய்வதே கதீட்டர் அப்லேஷன். நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை அல்ல இது.

தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள இரத்தநாளம் வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாய் இதயத்துக்குள் செலுத்தப்படுகிறது. அதன் நுனி தொடும் இடமெல்லாம் மின்சமிக்ஞை பதிவாகி, கணினித் திரையில் இதயத்தின் முப்பரிமாண வரைபடம் உருவாகிறது. எந்த இடத்தில் சமிக்ஞை முதலில் எழுகிறதோ, அங்கே வானொலி அலை மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள தசை சூடேறித் தழும்பாகிவிடுகிறது. தழும்பிலிருந்து சமிக்ஞை எழாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் கூடுதல் துடிப்பே நின்றுவிடக்கூடும். துடிப்பு வராவிட்டால் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் பலருக்கு லேசான அரைமயக்க நிலையிலேயே சிகிச்சை நடக்கிறது. தேவைப்பட்டால் துடிப்பைத் தூண்டும் மருந்தும் கொடுக்கப்படும்.

இதயநோய் இல்லாதோரிடம் இந்தத் துடிப்பு அதிகம் கிளம்புவது, வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் வெளியேறும் பாதையில்தான். எளிதில் எட்டக்கூடிய இடம் என்பதால் அங்கு வெற்றி வாய்ப்பு அதிகம். அப்பகுதியில் கூடுதல் துடிப்பு கொண்ட 330 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2014ல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் துடிப்பு திரும்பியது அப்லேஷன் செய்துகொண்டோரில் 19.4 விழுக்காட்டினருக்கு, மருந்து உட்கொண்டோரில் 88.6 விழுக்காட்டினருக்கு.

அபாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல மருத்துவமனைகளில் 1,185 பேரிடம் செய்யப்பட்ட சிகிச்சையை 2015ல் தொகுத்துப் பார்த்தபோது, 5.2 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. அவற்றில் ஏறக்குறைய பாதி பெரிய சிக்கல்கள். எவரும் உயிரிழக்கவில்லை. தொடை இடுக்கில் இரத்தக்கசிவு, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குதல், அரிதாகப் பக்கவாதம் ஆகியவை ஏற்படலாம். இதயத்தின் இயல்பான மின்பாதைக்கு அருகில் சூடு பட்டால், ‘பேஸ்மேக்கர்’ பொருத்தவேண்டிய நிலையும் வரலாம்.

யாருக்குத் தேவை?

கூடுதல் துடிப்பு குறைவாக இருந்து, தொல்லையும் இல்லாமல், ஸ்கேனும் சரியாக இருந்தால் எந்தச் சிகிச்சையும் வேண்டியதில்லை.

அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குப் படபடப்போ களைப்போ இருந்தால், மருந்து அல்லது அப்லேஷன் பற்றிப் பேசலாம். ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டி, வலது கீழறையின் வெளியேறு பாதையிலிருந்து வரும் தொல்லை தரும் துடிப்புக்கு அப்லேஷனையே முதல் தெரிவாகப் பரிந்துரைக்கிறது. கூடுதல் துடிப்பால் இதயம் பலவீனமடைந்திருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலும் அதே பரிந்துரைதான். தொல்லை ஏதுமில்லை, ஆனால் மீண்டும் மீண்டும் 20 விழுக்காட்டுக்கு மேல் பதிவாகிறது என்போருக்கு அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

விளையாட்டாளர்களுக்கு வேறு கேள்வி

விளையாட்டாளரின் கூடுதல் துடிப்பும் பெரும்பாலும் தீங்கற்றதே. எனினும் மறைந்திருக்கும் இதயத்தசை நோயோ தழும்போ இருந்தால், கடுமையான பயிற்சியே அவருக்கு எமனாகக்கூடும். அதனால் அவரிடம் தேடல் இன்னும் ஆழமாக இருக்கவேண்டும்.

இத்தாலியில் 355 விளையாட்டாளர்களைச் சோதித்து 2002ல் வெளியான ஆய்வு இதை எண்களில் காட்டியது. நாளுக்கு 2,000க்கு மேல் கூடுதல் துடிப்பு இருந்தோரில் 30 விழுக்காட்டினருக்கு இதயக் கோளாறு இருந்தது. 100 முதல் 2,000 வரை இருந்தோரில் அது 3 விழுக்காடு. 100க்குக் கீழ் இருந்தோரில் ஒருவருக்கும் இல்லை.

பயிற்சியின்போது துடிப்பு குறைந்து மறைவது நல்ல அறிகுறி. வேகம் கூடக்கூடத் துடிப்பும் கூடினால், இசிஜியில் துடிப்பின் வடிவம் மாறிமாறி வந்தால், எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படலாம். எக்கோவில் தெரியாத தழும்பு அதில் தெரியும்.

தீங்கற்றது என்று உறுதியான பின், விளையாட்டாளருக்கு அப்லேஷன் கூடுதலாகப் பொருந்தும் காரணங்கள் உண்டு. ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரைகள் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பதால் ஓட்டத்தில் களைப்பு முந்திக்கொள்ளும். அம்பெய்தல், துப்பாக்கி சுடுதல் போன்ற விளையாட்டுகளில் அவை தடைசெய்யப்பட்ட மருந்துகளும்கூட. மறுபுறம், சில மாதங்கள் பயிற்சியை நிறுத்தினாலே பலருக்குத் துடிப்பு குறைந்துவிடுகிறது. அதனால் அவசரம் வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இதயத்தசை நோய் உள்ளவருக்குக் கூடுதல் துடிப்பை மட்டும் சுட்டு நீக்கினால், நோய் நீங்கிவிடாது. அப்லேஷன் விளையாட்டுக்கான அனுமதிச் சீட்டு அல்ல. சிகிச்சைக்குப் பிறகும் ஹோல்டர், ஓடுபொறிச் சோதனைகளைத் திரும்பச் செய்து, மருத்துவர் சரியென்ற பின்னரே போட்டிக்குத் திரும்பவேண்டும்.

பூன் லே குடியிருப்பாளர்கள் எங்கு செல்லலாம்?

முதலில் வழக்கமான குடும்ப மருத்துவரையோ பயனியர் அல்லது ஜூரோங் பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். அங்கு இசிஜி, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தொடங்கலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்த்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். வட்டாரத்துக்கு அருகில் இருப்பது ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை. தேசியப் பல்கலைக்கழக இதய நிலையம், தேசிய இதய நிலையம் ஆகியவற்றில் இதய மின்னோட்ட வல்லுநர்கள் உள்ளனர். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் மூலம் எவ்வளவு ஈடுகட்டலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மருத்துவரிடம் செல்லும்போது, துடிப்பு எப்போது வருகிறது, ஓடும்போது கூடுகிறதா குறைகிறதா, உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பதைக் குறித்துச் செல்லவேண்டும். குடும்பத்தில் எவராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தியர்களிடையே நீரிழிவும் மாரடைப்பும் அதிகம் என்பதால், நாற்பதைக் கடந்தோர் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்தே பரிசோதித்துக்கொள்வது நல்லது. தேசிய சேவையாளர்கள் உடலுறுதித் தேர்வுக்கு முன்பே தங்கள் மருத்துவ அதிகாரியிடம் தெரிவிக்கவேண்டும்.

ஓடும்போதே மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காமல் தொடரும் படபடப்பு ஆகியவை ஏற்பட்டால் முன்பதிவுக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே 995ஐ அழைக்கவேண்டும். விழுந்தவர் மூச்சின்றிக் கிடந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கவேண்டும். வீவக புளோக்குகளின் மின்தூக்கி முகப்பில் வைக்கப்பட்டுள்ள ஏஇடி கருவியை ஒருவர் எடுத்துவரவேண்டும். தங்கள் புளோக்குக்கு மிக அருகில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை இன்று மாலை நடைக்குப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.