முறிவு மருந்தின் எல்லை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் வெளியூர் இளைஞர்களின் கூட்டம் பெருகும். அவர்களைக் குறித்த பெற்றோரின் கவலை ஒரு காலத்தில் மதுவோடு நின்றது. இன்றோ, வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி தமிழகத்தின் ஏதேனும் ஓர் ஊரிலிருந்து அடிக்கடி வருகிறது.

இம்மாத்திரைகளில் பல அபின் வகையைச் சார்ந்தவை. அளவு மீறினால் மூச்சு அடங்கும். அதை முறிக்கும் மருந்து நலோக்சோன். அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்ற இம்மருந்தை, மருத்துவர் சீட்டின்றி மூக்கில் தெளிக்கும் வடிவில் விற்க 2023-இல் அந்நாடு இசைந்தது. ஆனால், எல்லா மயக்கத்தையும் அது தெளிவிக்கும் என எண்ணுவது ஆபத்து.

ஆய்வுக்கூட எலிகள் இதை உணர்த்துகின்றன. சுழலும் உருளையின்மீது எலி எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது எனக் கணக்கிடும் சோதனையை டன்ஹம், மியா ஆகிய இருவர் 1957-இல் விவரித்தனர். மார்பினால் தள்ளாடும் எலியை நலோக்சோன் மீட்கிறது. டயசிபாம் என்ற மயக்க மருந்தால் தள்ளாடும் எலியை, வழக்கமான அளவில் அது மீட்பதில்லை. அதற்கு ஃப்ளூமாசெனில் என்ற வேறு மருந்து தேவை. இரு வகை மருந்துகளும் மூளையில் வெவ்வேறு ஏற்பிகளில் செயல்படுவதே காரணம். நலோக்சோன் அபின் வகை ஏற்பிகளை மட்டுமே மறிக்கிறது.

இரண்டையும் கலந்து உட்கொண்டவரின் நிலை என்ன? முறிவு மருந்து பாதிச் சுமையையே இறக்கும். இத்தகைய கலப்பு உயிரைப் பறிக்கலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் கடுமையாக எச்சரித்தது. நம் நாட்டிலோ, அபின் வகையைச் சேர்ந்த டேபென்டடாலும், மயக்கம் தரும் தசைத் தளர்த்தியான கேரிசோப்ரோடாலும் ஒரே மாத்திரையில் இணைக்கப்பட்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. பிபிசி அதை வெளிப்படுத்திய பிறகே, 2025 பிப்ரவரியில், அக்கலவைக்கான அனுமதிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிட்டது.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம்: லாபம் விற்பவருக்கு, இழப்பு குடும்பத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும். எனவே, சீட்டில்லா விற்பனையைத் தடுப்பதே மலிவான மருத்துவம். நலோக்சோனோடு பிராணவாயுவும் செயற்கைச் சுவாச வசதியும் வட்ட மருத்துவமனை வரை இருக்க வேண்டும்.

நண்பர்களுக்கும் பொறுப்பு உண்டு. தட்டியும் எழாதவரைத் 'தூங்கட்டும்' என விட்டுவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். உட்கொண்டவை அனைத்தையும், மது உள்பட, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதை முறிப்பது என்று தெரிந்தால்தான் அவரால் காப்பாற்ற இயலும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).