சுருள்வில்லும் அதன் பதமும்

இராஜகீழ்ப்பாக்கத்தில் யாம் குடியிருக்கும் வீட்டின் வாயிற்கதவுத் தாழ்ப்பாளிலிருந்த சிறு சுருள்வில் ஒருநாள் ஒடிந்துபோயிற்று. அதே அளவினது தாம்பரத்துக் கடைகளில் அகப்படவில்லை. கம்பிதானே, நாமே சுற்றிக்கொள்ளலாம் என்றெண்ணிக் கைக்கெட்டிய கட்டுக்கம்பியை ஓர் ஆணியின்மேற் சுற்றி மாட்டினோம். மாலைக்குள் அது நீண்டு, நீண்டபடியே நின்றுவிட்டது. மறுநாள் எஃகுக் கம்பியொன்றைச் சுற்றி, சிவக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்தோம். இழுத்துப் பார்த்தபொழுது கண்ணாடிபோல் ஒடிந்தது. துண்டொன்று தெறித்து எம் நெற்றியிற் பட்டது. ஓர் அங்குலம் தாழ்ந்திருப்பின் கண் போயிருக்கும். முன்னது மென்மையாற் கெட்டது, பின்னது கடினத்தாற் கெட்டது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பதத்தைப் பிறகு கற்றுக்கொண்டோம். அதனைப் பத்திரமாய்ச் செய்யும் வகையையே இங்குக் கூறப் புகுந்தோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். துவைச்சல் போட்டால் வில்லின் விறைப்பு மிகும் என்று அநேகர் நினைக்கின்றனர். அஃது அவ்வாறன்று. இழுப்பு எவ்வளவோ நீட்சியும் அவ்வளவே என்பது இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி. அவ்விதியின்படி நீளும் அளவைத் துவைச்சல் ஏறக்குறைய மாற்றுவதேயில்லை. எதுவரை இழுத்தால் வில் மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பும் என்னும் எல்லையையே அது உயர்த்துகின்றது. விறைப்பு வேண்டுமாயின் கம்பியின் கனத்தை மாற்றுக. சுருளின் அகலம் மாறாதிருக்கக் கனம் இரட்டித்தால் விறைப்புப் பதினாறு மடங்காகும்.

இனி, எல்லா இரும்பும் துவைச்சலை ஏற்பதில்லை. ஏற்பதற்கு இரும்பினுட் போதிய கரி இருத்தல் வேண்டும். கட்டுக்கம்பியில் அது மிகக் குறைவு. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது வில்லாகாது. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுக் கொல்லர் தொழிலனுபவத்தால் நன்கறிந்திருந்தனர். நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் பண்டை இரும்புலைகளின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்பவர், நம் நாட்டார் தேனிரும்பை ஆவாரங்கட்டையோடும் எருக்கு முதலியவற்றின் இலையோடும் மண் குகையில் மூடி உருக்கியதை விவரித்திருக்கின்றார். மரமும் இலையும் தந்த கரியே இரும்பை எஃகாக்கிற்று. அவ்வெஃகின் திறம் யாதென்றறிய மைக்கேல் பாரடேயும் ஸ்டோடார்ட்டும் இலண்டனில் ஆராய்ந்து, 1820-இல் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர்.

வீட்டில் வில் செய்வோர்க்கு எளிய வழி, குளிர்நிலையில் இழுத்து முன்னமே வலுவேற்றிய எஃகுக் கம்பியை வாங்குவதே. வீணையின் மெல்லிய எஃகுத் தந்தி இவ்வினத்தது. இதனைச் சிவக்கக் காய்ச்சுதல் கூடாது. காய்ச்சினால் அவ்வலு அழியும். சுற்றியபின் உள்ளே தங்கிய திரிபை மட்டும் தணிக்க வேண்டும். மின்சார அடுப்பறையில் 230 முதல் 250 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் அரைமணி நேரம் வைத்து, தானே ஆறவிடின் போதும். அப்பொழுது சுருளின் விட்டம் சற்றே குறுகும். ஆதலின் சுற்றும்போதே சிறிது அகலமாய்ச் சுற்றுக. துருவேறாத எஃகோ சற்று விரியும்.

மென்மையாக விற்கப்படும் வில்லெஃகை வாங்கினோர்க்கே முழுத் துவைச்சல் வேண்டுவது. திறந்த முற்றத்தில் கரியடுப்பு மூட்டுக. மூடிய அறையிற் கரி மூட்டுதல் உயிருக்கே கேடு. அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை. வில்லைச் சீராகச் சிவக்கக் காய்ச்சுக. ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்துக்கு இழுபடாது. அவ்வெல்லையைச் சற்றே தாண்டிய நிலை போதுமானது. நெடுநேரம் காய்ச்சினால் மேற்பரப்பிலுள்ள கரி எரிந்துபோகும். உடனே எண்ணெயில் முழுதும் அமிழ்த்துக. மெல்லிய கம்பிக்கு நீர் ஆகாது. அதன் கடுங்குளிர்ச்சியாற் பிளவு உண்டாகும்.

எண்ணெயைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பாத்திரம் ஆழமான இரும்புப் பாத்திரமாய், இரும்பு மூடியுடன், அடுப்புக்குச் சற்று விலகியிருத்தல் வேண்டும். எண்ணெய் பாதியளவுக்கு மேற்படலாகாது. ஒரு துளி நீரும் அதிற் கலந்திருத்தலாகாது. தீப்பற்றினால் மூடியால் மூடுவதே வழி. நீர் ஊற்றினாலோ எரியும் எண்ணெய் நாற்புறமும் தெறிக்கும். கையில் நீண்ட இடுக்கி, கண்ணிற் கண்ணாடிக் கவசம், உடலிற் பருத்தியுடை, இவையின்றித் தொடங்காதிருப்பது நன்று. நாகம் பூசிய கம்பியைக் காய்ச்சவே கூடாது. அதன் புகை சுரத்தை உண்டாக்கும்.

தோய்த்தெடுத்த வில்லை வளைத்தோ இழுத்தோ பார்க்கலாகாது. எம் நெற்றியைக் காயப்படுத்தியது இந்நிலையிலிருந்த வில்லே. எண்ணெயைத் துடைத்து, மெருகுதாளால் பளபளக்கத் தேய்த்து, இரும்புத் தட்டிற் பரப்பிய உலர்ந்த மணலின்மேல் வைத்து மெல்லச் சூடேற்றுக; அடிக்கடி புரட்டுக. முதலில் 220 டிகிரியளவில் வைக்கோல் நிறம் தோன்றும். அப்பால் கபிலம், ஊதா என மாறி, 300 டிகிரியை அணுகுகையில் நீலம் படரும். அந்த நீலமே வில்லுக்குரிய பதம். அதைத் தாண்டிச் சாம்பல் நிறமாயின் வில் மென்மையுறும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எமக்கு மூன்றாம் முறையே நீலம் சீராக வந்தது. பொறுமையிழந்து தீயை மிகுத்ததே முன்னிரண்டும் கெட்டதற்குக் காரணம்.

அவ்வில் இன்று எம் தாழ்ப்பாளிலிருக்கின்றது. தாழ்ப்பாள், எலிப்பொறி, மேசையிழுப்பறை போன்றவற்றுக்கு இத்தகைய வில் தகும். வண்டியின் தடை, சமையல் வாயுவின் திறப்பு, நீராவிப் பாத்திரத்தின் காப்பு ஆகியவற்றுக்கோ தொழிற்சாலையிற் சோதித்து விற்கப்படும் வில்லையே வாங்குக.