மாடி எடுக்கும் முன் இவரைக் கேளுங்கள்!

வீடு கட்டுகிறோம் என்றால் டைல்ஸ் என்ன கலர், சமையல் மேடை எந்தப் பக்கம் என்றெல்லாம் நாம் யோசிப்போம். பில்லரில் எத்தனை கம்பி, அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்பதே இல்லை. பிளான் வரைபவர் வேறு, கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேறு என்பதும் பலருக்குத் தெரியாது.

மாமனார் கட்டிய எங்கள் வீட்டின் மேல் முழு மாடி எடுக்க நினைத்தோம். "தாராளமா எடுக்கலாம்மா, நடுச்சுவரை இடிச்சா ஹாலும் பெரிசாயிடும்" என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னவரிடம் சொல்லி ஒரு இன்ஜினியரை வரவழைத்தோம். அவர் சுவரோரம் குழி தோண்டச் சொல்லி அஸ்திவாரத்தைப் பார்த்தார். "பில்லரே இல்லைங்க, சுவர்தான் பாரம் முழுக்கத் தாங்குது. நடுச்சுவர்ல கை வைக்காதீங்க" என்றார். முழு மாடி வேண்டாம், ஒரு அறை மட்டும் போடலாம். அதன் சுவர்களும் கீழே உள்ள ஒன்பது அங்குலச் சுவருக்கு நேராகவே வரணும் என்று வரைந்து கொடுத்தார். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. அதைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாதாம்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள்தான் அதில் பலர். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கணக்கும் கண்காணிப்பும் எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

பகலில் வேலை நடக்கும்போது வீட்டில் இருப்பது நாம்தானே! சிலவற்றை நாமே கவனிக்கலாம்.

* கம்பி கட்டி முடிந்ததும் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகே கான்கிரீட் போடணும்.

* கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழும்.

* கலவை இளக்கமாக இருக்கட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். பலம் குறைந்துவிடும்.

* தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கான்கிரீட்டின் பலத்தை 28 நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். சென்ட்ரிங் பலகையை இன்ஜினியர் சொன்ன பிறகே பிரிக்கணும்.

"ஃபீஸ் எதுக்கு தண்டம்?" என்று வீட்டில் யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள் தோழிகளே. அந்தக் கூரைக்குக் கீழேதான் நம் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு.