ரத்தப் பைக்குக் காவல் நிற்கும் புரதம்!

மங்கலம், திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி முகாமில் ரத்த தானம் செய்பவரா நீங்கள்? உங்கள் ரத்தம் இன்னொருவருக்கு ஏறும் முன், அதில் ஹெபடைட்டிஸ் சி கிருமி தொற்றியிருக்கிறதா என்று கட்டாயம் சோதிப்பார்கள்.

1989-ல் அமெரிக்காவின் சிரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் இந்த வைரஸின் மரபணுத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். அதை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, வைரஸின் புரதத்தை மட்டும் தயாரித்தார்கள். அந்தப் புரதத்தால் நோய் பரவாது. ஆனால், தொற்று வந்தவர் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் அதில் ஒட்டிக்கொள்ளும். டெஸ்ட் கிட்டில் கோடு விழுவது இப்படித்தான்.

'பாசிட்டிவ்' என்றால் பதற வேண்டாம். ஆறிப்போன பழைய தொற்றாகவும் இருக்கலாம், ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் உறுதி செய்யும். அசட்டையாக விட்டால், பல வருடம் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைக் கெடுத்துவிடும். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையிலேயே குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனை, சிகிச்சை இரண்டும் இலவசம்.