ஸ்மார்ட் போர்டு உள்ள வகுப்பில் திணறும் பிள்ளைக்கு என்ன உரிமை?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்க அரசு திட்டமிட்டது. ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் தரப்பட்டன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு உண்டு, மணற்கேணி செயலியில் பாடக் காணொலிகள் உண்டு. குமரி மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களில் எதிலாவது ஒரு வகுப்புக்குள் போய்ப் பார்த்தால், அந்தத் திரைக்கு முன்னால் இருப்பவர்கள் ஒரே மாதிரிப் பிள்ளைகள் அல்ல. வீட்டில் மலையாளம் பேசிவிட்டு வரும் விளவங்கோட்டுப் பிள்ளை, பேச்சிப்பாறை மலையிலிருந்து வரும் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளை, காது மந்தமான கடற்கரைப் பிள்ளை, கேட்டால் பதில் சொல்லிவிட்டு எழுதும்போது திணறும் பிள்ளை எனப் பலர் இருக்கிறார்கள். "வாயால எல்லாம் சொல்லுகான், எழுதச் சொன்னாத்தான் அழுகான்" என்று தாய் சொன்னால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. அது கற்றல் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கருவி உதவ வேண்டுமானால் முதலில் ஆசிரியருக்கு ஒரு துணை வேண்டும். ஒரு நாள் பயிற்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில் வகுப்பறை மாறுவதில்லை. கருவியும் பாடமும் தெரிந்த பயிற்றுநர் வகுப்புக்கே வந்து உட்கார வேண்டும். ஒரு பிள்ளையை ஆசிரியரோடு சேர்ந்து கவனித்து, அடுத்த பாடத்தில் எதை மாற்றலாம் என்று இருவரும் பேசி, பத்து நாள் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். மாற்றம் பெரும்பாலும் சிறியதுதான். பார்வை குறைந்த பிள்ளைக்குத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கருப்பாக்கினாலே பாதித் தொல்லை தீரலாம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கைக்கணினியே தமிழை உரக்கப் படித்துக்காட்டும். அவன் பதிலைக் குரலாகப் பதிவு செய்து மதிப்பிடலாம். காதுக்கருவி போட்ட பிள்ளைக்கும் ஆசிரியர் தள்ளிப் போகப் போகச் சொல் மங்கும். இடவப்பாதி மழை கூரையில் அடிக்கிற நேரத்தில் ஒன்றுமே கேட்காது. அந்தப் பிள்ளைக்குக் காணொலியில் எழுத்து வரி வேண்டும், ஆசிரியர் பலகையைப் பார்த்துப் பேசாமல் முகம் காட்டிப் பேச வேண்டும். இதையெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று காட்டினால்தான் ஆசிரியருக்குக் கைவரும்.

இப்படிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு பள்ளிகளுக்குச் சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம். இதற்கான ஆட்களைப் பயிற்றுவிப்பது அரசின் கடமை என்கிறது 17-ஆம் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசம் என்பதும் அதே பிரிவுதான். குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் தொடக்க நிலையில் அத்தகைய 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 பிள்ளைக்கு ஒருவர் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடப்பில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அவர் மேல் குறை சொல்வதில் நியாயமில்லை.

கருவி தீங்கும் செய்யும். சிறப்புக் கவனம் வேண்டிய பிள்ளையிடம் கைக்கணினியைக் கொடுத்து மூலையில் உட்காரவைப்பது கற்பித்தல் ஆகாது, அது ஒதுக்கிவைப்பதுதான். ஆசிரியர்கள் பார்க்கும் ஆரம்ப அறிகுறிகள் மருத்துவரிடம் அனுப்பத்தான். அதை வைத்தே பிள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது. பிள்ளையின் படமும் குறைபாட்டு விவரமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது மிகக் கவலைக்குரியது. 18 வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. புதிய செயலி எதுவானாலும், அது எந்தத் தகவலைச் சேமிக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம்.

குறை இருந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக்குங்கள். பிள்ளைக்கு என்ன கருவி வேண்டும், ஆசிரியருக்கு யார் எப்போது வந்து காட்டுவார்கள் என்ற இரண்டையும் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். முதலாவதை மட்டும் கேட்டால் கருவி அலமாரியில் தூங்கும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கலாம். காரியம் நகரவில்லையென்றால் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், கல்வித்துறையின் 14417 எண் ஆகியவை உண்டு. அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்கு மருத்துவச் சான்று வேண்டும், அது கிடைக்க நாளாகும். குறைபாடு 40 சதவீதம் இல்லை என்று காரணம் காட்டி, சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டாம். எழுதுவதில் உண்மையான சிரமம் உள்ளவருக்கு அந்த வரம்பைக் காட்டி மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதத்திலேயே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.